நெற்றியில் பூசிய விதை

ஒரு வேலையைக் கெடுக்க அறிவில்லாமை மட்டும் போதாது. அரைகுறையாகவாவது கொஞ்சம் அறிவு வேண்டும். ஒன்றும் தெரியாதவன் பயந்துபோய்ச் சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவான். டிப்ளமோ படித்துவிட்டு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டிய என் மாதிரி ஆளிடம் ஒரு வேலையைச் சொன்னால், 'இதையே இன்னும் சிறப்பாகச் செய்தால் என்ன?' என்று ஒரு யோசனை கிளம்பும். அது கிளம்பிவிட்டால் அந்த வேலை உருப்படாது. என் மனைவி சுமதியின் கோழிக்கொண்டை விதைகளை நான் அப்படித்தான் சிறப்பாகக் கவனித்தேன்.

கோழிக்கொண்டை என்றதும் மாலையில் நடுநடுவே வைத்துக் கட்டுவார்களே, அந்தச் சிவப்புப் பூவை நினைத்துக்கொள்ளாதீர்கள். சுமதியின் பூ வேறு. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் இடத்தில் மா, பலா, முருங்கை என்று வாய்க்குள் போகிற எதையாவதுதான் நடுவார்கள். இவள் பூச்செடி வைத்தாள். ஒரு வருடம் அந்தப் பாத்தியில் ஒரே ஒரு செடி மட்டும் மஞ்சளாகப் பூத்தது. கொண்டையின் மேல் விளிம்பில் மட்டும் ரவிக்கைக்குப் பார்டர் வைத்த மாதிரி ஒரு சிவப்பு ஓடியது. (நான் அதை ஏதோ நோய் என்று நினைத்து மருந்தடிக்கப் போனேன். நல்லவேளை, மருந்து தீர்ந்துபோயிருந்தது.)

சுமதி அதற்கு லைனிங் துணியில் ஒரு பை தைத்து மாட்டிவிட்டாள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வீட்டுச் சிவப்புக் கோழிக்கொண்டையின் மகரந்தம் இதில் வந்து கலந்துவிடக் கூடாதாம். அடுத்த வருடம் அந்த விதையைப் போட்டால் பாதிக்கு மேல் சிவப்புதான் வந்தது. ஒன்றிரண்டில் மட்டும் பார்டர். மற்றதையெல்லாம் ஈவு இரக்கமில்லாமல் பிடுங்கிப் போட்டுவிட்டு, பார்டர் வந்ததற்கு மட்டும் மறுபடி பை தைத்து மாட்டினாள். வருடா வருடம் இப்படியே போனது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், துணிப்பை மாட்டிக்கொண்டு நிற்கும் செடிகளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டருக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று விசாரித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு வருடம் பாத்தி முழுக்க, ஒன்று பாக்கியில்லாமல், மஞ்சளில் சிவப்பு பார்டராகவே பூத்தது. அன்றைக்கு அவள் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்று கூட நான் பார்க்கவில்லை.

ஆனால் குறிஞ்சிப்பாடியில் அவள் அம்மா வீட்டில் இதற்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. அவர்கள் நெல் விளைவிக்கிற குடும்பம். என் மாமியார் வெளிப்படையாகவே கேட்பார். "இத்தினி வருசமா இந்தப் பூவப் புடிச்சிக்கினு தொங்குறியே, இத வச்சி கொழம்பு வெக்க முடியுமா? அந்த எடத்துல நாலு கத்திரிக் கன்னு வச்சிருந்தாலும் ஆயிருக்கும்." சுமதியின் பெரியப்பா அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். எனக்குப் பெரியமாமா. அவர் அதிகம் பேச மாட்டார். பூவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். அது மாமியாரின் பேச்சைவிட மோசம்.

அதனால் அவள் தம்பி சரவணனுக்குக் குள்ளஞ்சாவடியில் பெண் அமைந்து, ஐப்பசியில் கல்யாணம் என்று ஆனதும், குடும்பம் மொத்தமும் கூடியிருந்தபோது சுமதி ஒரு அறிவிப்பு செய்தாள்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாருக்கும் தாம்பூலப் பையில என் பூவு வெத ஒரு டப்பா போடப்போறன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியமாமா அன்றைக்கு மாட்டிடம் போகவில்லை. "போடு, போடு. தேங்காயாச்சும் வூட்டுக்குப் போய்ச் சேரும்" என்றார். சுமதியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வண்டியில் திரும்பி வரும்போது மட்டும் வடலூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அந்த விதை அந்த வீட்டில் முளைத்தாக வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் கொடுமை.

கல்யாண வேலைக்காக அவள் முன்கூட்டியே குறிஞ்சிப்பாடிக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு ஷிப்ட் இருந்ததால், விதை என் பொறுப்பில் வந்தது. போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பாடம் எடுத்தாள்.

"ஏங்க, நல்லா கேட்டுக்கிங்க. பை மாட்டின கொண்டைய மட்டும் அறுங்க. வெயில்ல போடாதீங்க. நெழல்ல, ஃபேன் காத்துல காயணும். கையில அள்ளுனா மணல் மாதிரி ஓடணும், அதான் கணக்கு. அப்பறம் ஒரு புடி அடுப்புச் சாம்பல் போட்டுக் கலந்து தூக்குல மூடி வையிங்க. பூச்சி வராது, ஈரம் தங்காது. கெளம்புற அன்னிக்கு சாம்பலச் சலிச்சிட்டு வெதைய டப்பாவுல போட்டு, சீட்ட மேல ஒட்டி எடுத்துக்கினு வந்துடுங்க."

"அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போறது? நம்ம வீட்டில் கேஸ் அடுப்பு."

"மார்க்கெட் கிட்ட இட்லிக் கடையில வெறகு அடுப்புதான். கேட்டா குடுப்பாங்க."

இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஒரு குழந்தைகூடச் செய்துவிடும். (குழந்தையிடமே கொடுத்திருக்கலாம்.)

ஆரம்பத்தில் நானும் யோக்கியமாகத்தான் இருந்தேன். பை மாட்டிய கொண்டைகளைக் காம்போடு அறுத்து, பெரிய தாம்பாளத்தின் மேல் பிடித்துத் தட்டினேன். பொலபொலவென்று கறுப்பாக, பளபளவென்று கொட்டியது. கடுகில் பாதி இருக்குமோ என்னவோ, அவ்வளவு சின்ன விதை. இத்தனை வருட உழைப்பும் ஒரு தாம்பாளத்தில் அடங்கிவிட்டதே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஹாலில் செய்தித்தாளைப் பரப்பி, அதில் விதையைக் கொட்டி, ஃபேனைப் போட்டுவிட்டேன். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. சுமதிக்குப் போன் செய்து, "உன் விதையெல்லாம் ஏசி கோச்சில் படுத்திருக்கிற மாதிரி படுத்திருக்கு" என்றேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, காற்று வரட்டுமே என்று ஹால் ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டுப் போனேன். ஐப்பசியில், கடலூர் மாவட்டத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போகிற ஆளைப் பற்றி நான் என்ன சொல்ல? நான் பெல்ட்டுக்கு அடியில் ரோலர் மாற்றிக்கொண்டிருந்தபோது நெய்வேலியே தெரியாத அளவுக்கு மழை கொட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் செய்தித்தாள் கூழாகியிருந்தது. விதை முழுக்க நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடை அடையாகக் கிடந்தது.

துண்டால் ஒற்றினேன்; பாதி விதை துண்டோடு வந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மேலே காட்டினேன். தீய்ந்த வாடை வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்போதுதான் சுமதி சொன்னது ஞாபகம் வந்தது. சாம்பல் போட்டால் ஈரம் தங்காது! குடையை எடுத்துக்கொண்டு இட்லிக் கடைக்கு ஓடினேன். மழைக்குக் கடை மூடிக் கிடந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பல், சேறும் சகதியுமாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே, அந்த மூடிய கடையின் வாசலில், குடைக்கு அடியில் நிற்கும்போது அந்த யோசனை கிளம்பியது. சாம்பலுக்கா பஞ்சம்? அதுவும் இந்த ஊரில்? நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற ஊரில், லாரி லாரியாகச் சாம்பல் போகிறதே! ஒரு பிடி விறகுச் சாம்பலுக்காக நான் இட்லிக் கடையில் கையேந்துவதா?

தெர்மல் மின்நிலையத்திலிருந்து வருகிற அந்த ஃப்ளை ஆஷை வாங்கிச் செங்கல் அறுக்கும் பட்டறை ஒன்றை நகரியத்துக்கு வெளியே என் நண்பன் தனசேகர் நடத்திவந்தான். எங்கள் ஊர்ப் பக்கம் நான் கட்டிப்போட்ட சின்ன வீட்டுக்கும் அவனிடம்தான் கல் வாங்கினேன். அந்தச் சுவரைப் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து நான் ஒரு விரிவுரை நிகழ்த்துவது வழக்கம். "இது சாதாரண சாம்பல் இல்லை சார். பழுப்பு நிலக்கரிச் சாம்பல். சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. தண்ணி பட்டால் போதும், சிமெண்ட் மாதிரி தானாக இறுகிக்கும்!" இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தனசேகர் பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போன அந்த நேரத்தில் மட்டும் அது என் மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடா, மழையில சாம்பலுக்கு வந்திருக்க? எதுக்கு?" என்றான் தனசேகர்.

விதைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பாத்திரம் தேய்க்க" என்றேன்.

"வீட்டுக்காரம்மா ஊர்ல இல்லையா? பார்த்துடா, கை அரிக்கும்" என்று ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே என்னை அடித்துத் துரத்தியிருப்பான்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், ஆகா! முகத்துக்குப் போடுகிற பவுடர் தோற்றது. வெளுத்த சாம்பல் நிறம், அவ்வளவு மிருது. விறகுச் சாம்பலில் இருக்கிற கரித்துண்டு, குச்சி ஒன்றும் கிடையாது. காய்ந்த விதைக்கு ஒரு பிடி என்றால் நனைந்த விதைக்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, தாராளமாகவே கொட்டிப் பிசைந்தேன். புட்டுக்கு மாவு பிசைகிற பதத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் கையில் ஈரமே தெரியவில்லை. எப்படி உறிஞ்சுகிறது பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை லேசாகச் சூடாகிற மாதிரியும் இருந்தது. நல்ல சாம்பல் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன்.

அதோடு விட்டேனா? சலிப்பது எதற்கு, சாம்பலோடு கொடுத்தால் அவர்கள் வீட்டிலும் பூச்சி வராதே என்று, சுமதி வாங்கிவைத்திருந்த சின்னச் சின்ன வட்ட டப்பாக்களில் அப்போதே நிரப்பினேன். குங்குமச் சிமிழ் மாதிரி வெள்ளி நிறத்தில் அழகான டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். 'கோழிக்கொண்டை விதை' என்று அச்சடித்த சீட்டு மேலே ஒட்டினால் மழையில் நனைந்துவிடும் என்று, அதையும் மடித்து உள்ளேயே வைத்து மூடினேன். இவ்வளவு தூரம் எதிர்காலத்தை யோசிக்கிற கணவன் யாருக்குக் கிடைப்பான்?

ராத்திரி சுமதி போன் செய்தாள். "காஞ்சிதா? மணல் மாதிரி ஓடுதா?"

"ஓடறதா? நீ அசந்துபோகப் போறே, பாரு" என்றேன். இது ஒன்றுதான் அந்த வாரம் நான் சொன்ன சரியான வார்த்தை.

கல்யாணத்தன்று விடிகாலையில் டப்பாக்களை இரண்டு கட்டைப் பைகளில் போட்டு, வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி முன்பக்கமாகத் தலையைக் குத்தியது. குள்ளஞ்சாவடி மண்டபத்தில் மாமியார் ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, கல்லு கணக்கா கனக்குது?" என்றார்.

"நல்ல விதைன்னா கனம் இருக்கும் அத்தை" என்றேன்.

சுமதி மாடியில் மணமகன் அறையில் இருந்தாள். தாம்பூலப் பை போடுகிற நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று, பைகளை வாசலில் இருந்த வரவேற்பு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, நான் டிபன் சாப்பிடப் போனேன். அங்கே பெண்ணின் அத்தை ஒருவர் பட்டுப்புடவை சரசரக்கப் பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் கொடுத்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பொருளை மரியாதையாக நடத்துகிறவர்கள். அதுதான் ஆபத்தாகப் போனது.

இலையில் பொங்கல் விழுந்தது. எதிர் வரிசையில் ஒருவர் நெற்றியில் பட்டையாக விபூதி பூசியிருந்தார். அதில் கறுப்பு கறுப்பாகப் புள்ளிகள். பொங்கல் மிளகு தெறித்திருக்கும் என்று நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நெற்றியிலும் மிளகு. அதற்கடுத்தவர் நெற்றியிலும் மிளகு. இந்த மண்டபத்தில் பொங்கலை எப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியமாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பட்டை, முழு நெற்றிக்கும்.

"மாப்ள, நீங்க கொண்டாந்த விபூதி எந்தக் கோயிலு?" என்றார் பக்தியோடு. "பூசிக்கினதும் நெத்தியில சுருக்குனு ஏறுது. சக்தி உள்ளதுதான் போலருக்கு."

கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினேன். மேசையில் என் டப்பாக்கள் வரிசையாகத் திறந்துவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வட்டமாக, வழவழப்பாக, டப்பாவின் அச்சு அப்படியே பதிந்து இறுகிப்போன ஒரு சிமெண்ட் வில்லை. உள்ளே வைத்த சீட்டின் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண்ணின் அத்தை ஸ்பூன் காம்பால் வில்லையைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. கட்டி கட்டியா இருக்குது, சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கு. எதோ மலை மேல இருக்கற கோயிலாமே? இந்தாங்க" என்று என் நெற்றியிலும் ஒரு கீற்று வைத்துவிட்டார்.

மேடையைப் பார்த்தேன். மாப்பிள்ளைக் கோலத்தில் சரவணன். நெற்றி நிறையப் பட்டை. தாலி எடுத்துக் கொடுக்க வந்திருந்த ஐயர் நெற்றியிலும் பட்டை. போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கி வரச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். (அந்த ஆல்பம் இன்றைக்கும் இருக்கிறது. சரவணன் தாலி கட்டுகிற படத்தில் அவன் நெற்றி, எள்ளு தூவிய முறுக்கு மாதிரி இருக்கும்.)

அந்த நேரம் பார்த்துத்தான் சுமதி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நேர் எதிரே, என் பின்னாலேயே எழுந்து வந்த பெரியப்பா. அவர் நெற்றியைப் பார்த்தாள். பக்கத்தில் போனாள். விரல் நுனியால் ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். தன் விதையை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"பெரீப்பா! ஆடாதீங்க! இது என் வெத!"

சொல்லிக்கொண்டே அவர் நெற்றியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். பெரியமாமா பேன் பார்க்கிற குரங்கிடம் மாட்டிய மாதிரி அசையாமல் நின்றார். அவரை முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரின் நெற்றியில் கைவைத்தாள். அவர் மிரண்டு பின்னால் போனார். இவள் விடவில்லை. "அண்ணே, ஒரே ஒரு நிமிசம் நில்லுங்கண்ணே, தொடைச்சிடாதீங்க!" சம்பந்தி வீட்டு ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

அதற்குள் சுண்ணாம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. "அரிக்குது", "என்னா இப்படி எரியுது" என்று அங்கங்கே குரல் கிளம்பியது. ஒருவர் கைகழுவும் குழாய்ப் பக்கம் போனார். பின்னாலேயே கூட்டம் மொத்தமும் போனது. வரிசையாகக் குனிந்து, நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். நல்லவேளையாக நெற்றி சிவந்ததோடு போயிற்று. யாருக்கும் வேறு ஒன்றும் ஆகவில்லை. சுமதி குழாயடிக்கு வந்து நின்றாள். சாம்பல் தண்ணீரோடு அவளுடைய விதைகள் ஓடி, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மண்தரையில் கலந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், மழை, இட்லிக் கடை, தனசேகர்.

"ஊர்ல வூடு கட்டினீங்களே, அந்தச் சாம்பலா?"

"அதேதான்."

"எல்லா வெதையுமா போட்டீங்க? ஒரு புடி தனியா எடுத்து வெக்கலியா?"

"எல்லாத்தையும்தான் சுமதி."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சரி, போயி சாப்புடுங்க. எலையில பாதியில எழுந்து வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்ன ஆளாகிப்போனது அன்றைக்குத்தான்.

மிச்சமிருந்த வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தியலால் உடைத்தோம். ஊறவைத்தோம். பாக்குவெட்டியால் நொறுக்கி, சல்லடையில் சலித்து, கிடைத்த விதையைத் தொட்டி தொட்டியாக விதைத்தோம். நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிப் பக்கம்தான் போவேன். ஒன்றும் வரவில்லை. சுண்ணாம்பிலும் சூட்டிலும் அவ்வளவு நாள் கிடந்தது வேகாமல் என்ன செய்யும்? தரையில் தானாக உதிர்ந்திருந்த விதைகள் பாத்தியில் முளைத்தன. பை மாட்டாத கொண்டைகளின் விதை அது. எல்லாமே பக்கத்து வீட்டுச் சிவப்பாகவே பூத்துக்கொண்டு நின்றது. சுமதி அவற்றைப் பிடுங்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. லைனிங் துணிப் பைகளைத் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்தாள்.

பொங்கலுக்குச் சரவணனின் மனைவி காயத்ரி குள்ளஞ்சாவடிக்குத் தாய்வீடு போயிருந்தாள். மாட்டுப் பொங்கலன்று காலையில் சுமதியின் போனுக்கு ஒரு படம் வந்தது. கீழே ஒரு வரி: 'அண்ணி, உங்க விபூதி பூத்துக்கினு நிக்குது!'

படத்தில் மண்டபத்தின் குழாயடி. அதையொட்டிய ஈரத் தரையில், வாய்க்கால் போன வழியெல்லாம், மஞ்சளில் சிவப்பு பார்டர். சுமதி படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கல்யாணத்தன்று கிடைக்க வேண்டிய அடி. அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதே இல்லை. எல்லா விதையும் வெந்துபோகவில்லை. கெட்டியான தோல் உள்ள சில விதைகள் தாக்குப்பிடித்து, எங்கள் வீட்டில் போலச் சுண்ணாம்பில் ஊறாமல், நெற்றி நெற்றியாகப் போய், கழுவிய தண்ணீரோடு ஓடி, அந்த ஈரத்தில் பிழைத்துக்கொண்டன.

உடனே வண்டியை எடுத்தோம். மண்டபத்தில் அன்றைக்கு விசேஷம் எதுவும் இல்லை. பின்பக்கம் போனால், செடிகளைச் சுற்றி யாரோ முள் வெட்டி வேலி போட்டிருந்தார்கள். ஒரு கல்லில் மஞ்சள் தடவிக் குங்குமமும் வைத்திருந்தது. சுமதி கையை நீட்டியதுதான் தாமதம், மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா விளக்குமாறோடு ஓடிவந்தார்.

"கை வெக்காதீங்கம்மா! சாமிப் பூவு!"

"எந்தச் சாமிங்க?" என்றாள் சுமதி.

"உங்களுக்குச் சேதி தெரியாதா? ஐப்பசியில இங்க ஒரு கல்யாணம் நடந்துச்சு. மாப்ள வூட்டுல ஒருத்தரு மலைக் கோயில்லருந்து விபூதி கொண்டாந்தாரு. பூசிக்கினவங்களுக்கெல்லாம் நெத்தியே கொதிச்சிப்போச்சு, அத்தினி சக்தி. தாங்க முடியாம இங்க வந்துதான் கழுவினாங்க. கழுவுன எடத்துல மொளைச்சது இது. இந்த நெறத்துல எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுமதி என் கையைக் கிள்ளினாள்.

"அவரு யாருன்னு தெரியல" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "தெரிஞ்சா கால்ல வுழணும்னு இருக்கன்."

"வாணாங்க" என்றாள் சுமதி, முகத்தை மாற்றாமல். "அவரு இப்பவே தரையில நிக்கிறதில்ல."

கடைசியில் அந்த அம்மாவுக்கு மனசு இளகி, முற்றிய கொண்டை ஒன்றை அறுத்து, வெற்றிலையில் வைத்து, சுமதியின் கையில் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு நெய்வேலி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். எந்தப் பாத்தி, எத்தனை வரிசை, எந்தப் பக்கம் பை, எல்லாம். விதையை அவளே காயவைத்தாள். நான் அந்த அறைக்குள் நுழைய அனுமதி இல்லை. ஜன்னலைத் தொடவும் அனுமதி இல்லை.

இப்போது அந்தப் பூ எங்கள் பாத்தியில் மட்டும் இல்லை. காயத்ரியின் அம்மா வீட்டில் இருக்கிறது, மாமியார் வீட்டில் கத்திரிச் செடிக்கு ஓரமாக இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் அதற்கு விபூதிப் பூ என்றே பெயராகிவிட்டது. பெரியமாமா வருடா வருடம் ஆளனுப்பி விதை வாங்கிக்கொள்கிறார். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற வழியில்தான் அவருடைய பாத்தி.

சென்ற மாதம் சரவணன் குழந்தைக்குக் காதுகுத்து. தெரியாமல் விபூதித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். வரிசையாக ஒவ்வொருவரும் தட்டை உற்றுப் பார்த்துவிட்டு, மோந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். பெரியமாமா வந்தார். தட்டுக்கு நேராகக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இது மொளைக்குமா?"

"மொளைக்காது மாமா. கோயில் விபூதிதான்."

"அப்ப எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு அவர் சுமதியைத் தேடிக்கொண்டு போனார்.